ஆட்டின் இதய ஜவ்வில் மனிதச் செல் வளர்த்த பதிவு

இதயத்தில் ஓட்டையோடு பிறக்கும் குழந்தைகளுக்கு ஒட்டுப்போட, மாட்டின் இதய உறையைப் பயன்படுத்துவது பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் ஊறவைத்துப் பதப்படுத்திய ஜவ்வு அது. தைக்கும்போது கிழியாது, சேமித்துவைக்கவும் எளிது. ஆனால் அதில் உயிர் இல்லை. நாளாக ஆகக் கால்சியம் படிந்து விறைத்துப்போகும். குழந்தை வளரும், ஒட்டு வளராது. அதனால் சில குழந்தைகளை மறுபடியும் அறுவைசிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

அதற்கு ஒரு மாற்று கிடைக்குமா என்றுதான் எங்கள் ஆய்வகத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆட்டின் இதய உறையை எடுத்து, அந்த ஜவ்விலுள்ள ஆட்டுச் செல்களை மட்டும் வெளியேற்றிவிட்டு, மிஞ்சுகிற கொலாஜன் என்ற புரத நார்களின் வலையைச் சாரக்கட்டாக வைத்து, அதில் மனிதச் செல்களைக் குடியேற்ற வேண்டும். இந்த வேலையில் இறங்கப்போகும் மாணவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஆய்வுக்கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் "பின்னர் பிபிஎஸ் (ஒருவகை உப்புக்கரைசல்) கொண்டு கழுவப்பட்டது" என்று ஒரே வரியில் முடிந்துவிடும் இடத்தில்தான் என் நேரத்தின் பெரும்பகுதி போனது. ஆகவே இங்கே கழுவுவதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

முன்கதை கொஞ்சம். 1980களில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பாடிலாக், சிறுகுடலின் ஒரு மெல்லிய அடுக்கை ரத்தக்குழாய்க்கு மாற்றாக வைத்துப் பார்த்தார். அங்கிருந்து இந்தத் துறை வேகம் பிடித்தது. 2008இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹரால்ட் ஆட், டோரிஸ் டெய்லர் குழுவினர் எலி இதயத்தின் ரத்தக்குழாய்கள் வழியாகவே சோப்புக்கரைசலைச் செலுத்தி, எல்லாச் செல்களையும் வெளியேற்றினார்கள். மிஞ்சிய வெளிறிய கூட்டுக்குள், புதிதாகப் பிறந்த எலிக்குட்டிகளின் இதயச் செல்களை இறக்கினார்கள். எட்டாம் நாள் அது திரவத்தைத் தள்ளும் அளவுக்குச் சுருங்கி விரிந்தது. வளர்ந்த எலி இதயத்தின் திறனில் சுமார் 2 சதவீதம்தான் என்றாலும், அது சாத்தியம் என்று உலகத்துக்குத் தெரிந்தது அன்றுதான். முழு உறுப்பு என்றால் குழாய், பம்ப், அழுத்தமானி என்று ஏற்பாடு பெரிது. இதய உறை தட்டையானது, மெல்லியது. ஒரு ஷேக்கரும் (பாட்டில்களை ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவி) சில கண்ணாடி பாட்டில்களும் இருந்தால் தொடங்கிவிடலாம். புதிதாக வருபவர்களை நான் இதில்தான் கைபழகச் சொல்வேன்.

ஜவ்வு வாங்குவது

அதிகாலையில் ஆட்டுத்தொட்டிக்குப் போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் திசு அழுக ஆரம்பித்துவிடும். செத்த செல்களிலிருந்து வெளிவரும் நொதிகள் கொலாஜன் வலையையே கடித்துவிடும். ஐஸ் பெட்டியில் ஆன்டிபயாட்டிக் கலந்த குளிர்ந்த பிபிஎஸ் உப்புக்கரைசலை எடுத்துப்போவோம். ஜவ்வு ஐஸில் நேரடியாகப் படக்கூடாது. உறைந்தால் உள்ளே உருவாகும் பனிப்படிகங்கள் நார்களைப் பிரித்துவிடும்.

பெரிய சிக்கல் வெட்டும் முறையில் இருந்தது. இதயத்தை வெளியே எடுக்க எளிதாக இருக்கும் என்று ஜவ்வுப் பையை நடுவில் கிழித்துத்தான் எடுப்பார்கள். எங்களுக்குக் கிழியாத முன்பக்கம் வேண்டும்.

"இந்த ஜவ்வையாம்மா கேக்குறீங்க? இதைத் தூக்கித்தானே போடுறோம். இதுல என்ன இருக்கு?" என்றார் கடைக்காரர்.

"இதயத்துல ஓட்டை இருக்கிற குழந்தைங்களுக்கு இதை வச்சு ஒட்டுப்போட முடியுமான்னு பாக்குறோம் பாய்."

கையில் இருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எந்த இடத்தில் வெட்டினால் எங்களுக்குத் தோதாக இருக்கும் என்று அவரே கேட்டார். மேலே ரத்தக்குழாய்கள் பிரியும் இடத்தில் சுற்றி வெட்டி, பையோடு இறக்கித் தரச் சொன்னேன். அதன்பிறகு ஜவ்வு எப்போதும் முழுசாகவே வந்தது.

ஆய்வகத்துக்கு வந்ததும் முதல் வேலை கொழுப்பை நீக்குவது. ஜவ்வின் ஒருபக்கம் வழவழவென்று மின்னும். அது இதயத்தைப் பார்த்த பக்கம். மறுபக்கம் சொரசொரப்பாக, மஞ்சள் கொழுப்போடு இருக்கும். கத்தியின் முனையால் சுரண்டக்கூடாது. மழுங்கிய பக்கத்தால், ஈரம் காயாமல், ஒரே திசையில் வழித்தெடுக்க வேண்டும். கொழுப்பு கொஞ்சம் தங்கினாலும் பின்னால் சோப்பு உள்ளே இறங்காது. அந்த இடத்தில் மட்டும் ஆட்டுச் செல்கள் திட்டுத்திட்டாக மிஞ்சும். எந்தப் பக்கம் எது என்று தெரிய ஒரு மூலையில் சின்னதாக வெட்டு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்து வெளுத்தபிறகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும்.

செல்களை வெளியேற்றுவது

முதலில் உப்புக் குறைந்த ட்ரிஸ் கரைசல், 10 மில்லிமோலார், பிஹெச் 8, உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ கொஞ்சம் கலந்தது. வெளியே உப்பு குறைவாக இருப்பதால் தண்ணீர் செல்லுக்குள் பாயும், செல் உப்பி வெடிக்கும். அடுத்து எஸ்டிஎஸ். பற்பசையிலும் ஷாம்புவிலும் நுரை தருவதற்குச் சேர்க்கிறார்களே, அதே சோடியம் டோடெசில் சல்பேட். நாங்கள் 0.1 சதவீதத்தில் தொடங்கினோம், தடித்த ஜவ்வுக்கு 0.5 சதவீதம் வரை போனோம். அறை வெப்பத்தில், மெதுவாகச் சுற்றும் ஷேக்கரில் 24 மணி நேரம். செல் சவ்வுகள் கரைந்து, உட்கரு உடைந்து, உள்ளே இருந்த டிஎன்ஏ வெளியே வரும்போது கரைசல் மூக்குச்சளி மாதிரி இழுபடும். அப்படி இழுபட்டால் வேலை நடக்கிறது என்று அர்த்தம், உடனே கரைசலை மாற்றிவிட வேண்டும். ஜவ்வும் நிறம் மாறும். இளஞ்சிவப்பு போய், உப்பி, கண்ணாடி போலத் தெளிந்துவிடும். அடியில் வைத்த கோடுபோட்ட காகிதம் அதன் வழியே தெரியும்.

அந்தத் தெளிவைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்துபோவோம். ஆனால் ஜவ்வு தெளிந்திருக்கிறது என்றால் நார்களுக்குள் எஸ்டிஎஸ் நிறைந்திருக்கிறது என்று பொருள். செல் சவ்வைக் கரைத்த அதே பொருள், நாளை நாம் வைக்கப்போகும் மனிதச் செல்லையும் விட்டுவைக்காது.

எங்கள் முதல் தொகுதியில் நடந்தது இதுதான். டிஎன்ஏவை ஒளிரவைக்கும் டேபி சாயத்தில் ஒரு உட்கருகூடத் தெரியவில்லை, ஆட்டுச் செல்கள் சுத்தமாகப் போயிருந்தன. மனிதச் செல்களை வைத்த மறுநாள் அவை உருண்டையாகச் சுருங்கி, செல் வளர்க்கும் திரவமான மீடியாவில் மிதந்தன. அதே செல்கள் வளர்ப்புத் தட்டின் பக்கத்துக் குழியில் வெறும் பிளாஸ்டிக்கில் நன்றாகக் கால்பரப்பி ஒட்டியிருந்தன. செல்லில் குறை இல்லை, மீடியாவில் குறை இல்லை. மிஞ்சியது ஜவ்வு மட்டும்.

கழுவுவது

எஸ்டிஎஸ்ஸை அலசும்போது நேராக பிபிஎஸ்ஸில் போடாதீர்கள். பிபிஎஸ்ஸில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. பொட்டாசியம் எஸ்டிஎஸ்ஸோடு சேர்ந்தால் தண்ணீரில் எளிதில் கரையாத வெள்ளைப் பொடியாக வீழ்படியும். பாட்டிலில் அது நடந்தால் கண்ணுக்குத் தெரியும், கொட்டிவிடலாம். ஜவ்வின் நார்களுக்குள்ளே நடந்தால் தெரியாது. அங்கேயே உட்கார்ந்துகொண்டு, பிறகு 37 டிகிரி இன்குபேட்டரில் சூடு பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து செல்களைக் கொல்லும். அதனால் முதலில் காய்ச்சி வடித்த தண்ணீரிலேயே, நுரை நிற்கும்வரை அலச வேண்டும்.

குளிர் அறையும் கூடாது. 4 டிகிரியில் எஸ்டிஎஸ் தானாகவே படிகமாகிவிடும். பாக்டீரியா வளரும் என்று பயந்து கழுவும் பாட்டில்களைக் குளிர் அறையில் வைக்கும் பழக்கம் பல ஆய்வகங்களில் உண்டு. அறை வெப்பத்திலேயே வைத்து, ஆன்டிபயாட்டிக்கும் பூஞ்சைக்கொல்லியும் சேர்த்துக்கொள்வதுதான் இதற்கு வழி. சோடியம் அசைடு போட்டால் பாக்டீரியா வராது என்பார்கள். அது செல்லுக்கும் விஷம். இன்னொரு விஷத்தை உள்ளே விட்டு அதையும் கழுவ வேண்டியிருக்கும், தேவையில்லை.

தண்ணீருக்குப் பிறகு 1 சதவீத ட்ரைட்டான் எக்ஸ்-100. இதுவும் சோப்புதான், ஆனால் மின்னூட்டம் இல்லாதது. புரதங்களில் இறுகப் பற்றியிருக்கும் எஸ்டிஎஸ்ஸைத் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். பிறகு மறுபடி தண்ணீர். அதற்குப் பிறகுதான் பிபிஎஸ். எவ்வளவு தண்ணீர் என்பதைவிட எத்தனை முறை மாற்றுகிறோம் என்பதே முக்கியம். ஒரு லிட்டரில் ஒரே தடவையாக ஊறவைப்பதைவிட, அதே லிட்டரைப் பிரித்துப் பல தடவை மாற்றினால் நிறைய வெளியேறும். இரவில் யாரும் மாற்றாமல் விட்டால் அந்த நேரம் ஏறக்குறைய வீண். எங்கள் ஆய்வகத்தில் கழுவும் நாட்களுக்கு முறைபோட்டுக்கொண்டோம்.

போதுமா என்று கண்ணால் சொல்ல முடியாது. கடைசியாக அலசிய தண்ணீரை ஒரு குழாயில் எடுத்து, மெத்திலீன் நீலம் சேர்த்து, குளோரோஃபார்ம் ஊற்றிக் குலுக்கி, ஃபியூம் ஹூடில் நிறுத்திவையுங்கள். குளோரோஃபார்ம் கனமானது, அடியில் தங்கும். மெத்திலீன் நீலம் தனியாகக் குளோரோஃபார்முக்குள் எளிதில் போகாது. எஸ்டிஎஸ்ஸோடு ஜோடி சேர்ந்தால் போகும். ஆகவே அடியிலுள்ள அடுக்கு நீலமாக இருந்தால் சோப்பு இருக்கிறது. எங்கள் முதல் தொகுதியின் அலசல் தண்ணீரில், நுரை துளிகூட இல்லாதபோதும், அடியில் அடர்நீலம் நின்றது. அதைப் பார்த்தபிறகுதான் எங்கள் குழுவில் நுரையை நம்புவதை எல்லோரும் விட்டோம். 655 நானோமீட்டரில் அளந்து, தெரிந்த அளவு எஸ்டிஎஸ்ஸோடு ஒப்பிட்டு எண்ணாகவும் எடுக்கலாம். தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது. ஜவ்விலிருந்து ஒரு துண்டை நொதியால் கரைத்து அதையும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் சிக்கலே நார்களுக்குள் தங்குவதில்தான்.

நன்றாகக் கழுவிய ஜவ்வு மறுபடி வெளுக்கும். உப்பல் வடிந்து, ஈரமான வெள்ளைக் காகிதம் போல ஆகும். தெளிவு போய் வெண்மை திரும்புவதுதான் கழுவல் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு முதல் அடையாளம். மெத்திலீன் நீலம் இரண்டாவது சாட்சி.

உடைந்த டிஎன்ஏ இழைகளை வெட்ட டிஎன்ஏஸ் நொதி போடுவோம். அதற்கு மெக்னீசியம் வேண்டும். முதலில் போட்ட இடிடிஏ கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் அந்த மெக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும், நொதி சும்மா கிடக்கும். விலை உயர்ந்த நொதி வேலை செய்யவில்லை என்று கம்பெனிக்குக் கடிதம் எழுதுவதற்குமுன் இடிடிஏ போய்விட்டதா என்று பாருங்கள். எவ்வளவு டிஎன்ஏ மிஞ்சலாம் என்பதற்கு, 2011இல் பாடிலாக் குழு முன்வைத்த அளவுகோலைத்தான் பெரும்பாலோர் பின்பற்றுகிறார்கள். ஒரு மில்லிகிராம் உலர்ந்த திசுவில் 50 நானோகிராமுக்கும் குறைவு, மிஞ்சும் துண்டுகள் 200 அடியிணைகளுக்கும் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) குட்டை, சாயமேற்றிப் பார்த்தால் உட்கரு எதுவும் தெரியக்கூடாது. மிஞ்சிய சோப்புக்கும் இதேபோல எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் எண் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. டிஎன்ஏவைத் துரத்த சோப்பைக் கூட்டக் கூட்ட, சோப்பைத் துரத்தும் வேலையும் கூடுகிறது. கூடவே, வலையில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் கிளைகோஸமினோகிளைக்கன் போன்ற நல்ல பொருள்களும் கழுவிக்கொண்டு போகின்றன.

கிருமி நீக்க, அழுத்த நீராவியில் சூடாக்கும் ஆட்டோகிளேவ் ஆகாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-55இல் கண்டுசொன்ன அந்த முச்சுருள்தான் கொலாஜனின் பலம். சூடு பட்டால் சுருள் அவிழ்ந்து ஜெலட்டின் ஆகிவிடும். ஆட்டுக்கால் சூப் ஆறியதும் உறைவது அதனால்தான். நாங்கள் 4 சதவீத எத்தனாலில் 0.1 சதவீதம் பெரசெட்டிக் அமிலம் கலந்து, 2 மணி நேரம் வைப்போம். பிறகு கிருமி நீக்கிய பிபிஎஸ்ஸில் அமிலம் போகும்வரை அலசல். கடைசியில் ஓர் இரவு செல் வளர்க்கும் மீடியாவிலேயே ஊறவைப்போம். மீடியாவில் அமிலம் பட்டால் மஞ்சளாகும் ஃபீனால் ரெட் சாயம் இருப்பதால் அதுவே காட்டிக்கொடுக்கும். காலையில் மஞ்சளாக இருந்தால் அமிலம் மிஞ்சியிருக்கிறது, மஞ்சளோடு கலங்கலும் இருந்தால் கிருமி. சிவப்பு சிவப்பாகவே இருந்தால் அடுத்த கட்டம்.

செல்களை வைப்பதற்குமுன் ஒரு நாள் செலவழித்துச் சாறுச் சோதனை செய்துவிடுங்கள். மெல்லிய பொருள் என்றால், ஒரு மில்லி மீடியாவுக்கு 6 சதுர சென்டிமீட்டர் ஜவ்வு என்ற கணக்கில் 37 டிகிரியில் 24 மணி நேரம் ஊறவைத்து, அந்த மீடியாவை பிளாஸ்டிக்கில் வளரும் செல்களுக்கு ஊற்றிப் பார்ப்பது. அவை வாடினால் ஜவ்வை மறுபடி கழுவப் போடலாம். அரிய மனிதச் செல்கள் வீணாகாது.

மனிதச் செல்

எங்களுக்குச் செல் தருவது தொப்புள்கொடி. ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி, தாயின் எழுத்துபூர்வமான சம்மதம், எச்ஐவி மற்றும் ஹெபடைடிஸ் பரிசோதனை முடிவு, இவை இல்லாமல் ஒரு சென்டிமீட்டர்கூட எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. சம்மதம் வாங்கும்போது குடும்பத்துப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "கொடியை நீங்க எடுத்துக்கிட்டா தாயத்துக்கு என்ன செய்யிறது?" குழந்தையின் வயிற்றில் ஒட்டிக்கொண்டிருந்து காய்ந்து விழும் துண்டு அவர்களுடையது. நாங்கள் கேட்பது நஞ்சுக்கொடியோடு போகும் மீதிக் கொடியை. இதைப் பொறுமையாகச் சொன்னால் முகம் தெளிந்துவிடும். இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது சரியில்லை.

கொடியின் இரண்டு தமனிகளையும் ஒரு சிரையையும் உருவிவிட்டு, வழுவழுப்பான ஜெல்லிப் பகுதியைச் சின்னச் சின்னதாக நறுக்கி டிஷ்ஷில் ஒட்டவைத்தால், ஒன்றிரண்டு வாரத்தில் துண்டுகளின் ஓரத்திலிருந்து நூல் நூற்கும் கதிர் வடிவச் செல்கள் ஊர்ந்து வெளியே வரும். டிஷ் நிறைந்ததும் பிரித்து மறுபடி வளர்ப்பதை ஒரு தலைமுறை என்போம். மூன்றாம் தலைமுறையிலிருந்து ஐந்தாம் தலைமுறைக்குள் பயன்படுத்திவிடுவோம்.

ஜவ்வை வட்டமாக வெட்டிக் குழியில் போட்டால் அது சுருளும், மிதக்கும். மேலே ஆட்டோகிளேவ் செய்த சிலிக்கோன் வளையத்தை வைத்து அமுக்க வேண்டும். செல் ஒட்டாத வகைத் தட்டைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் பாதிச் செல்கள் பிளாஸ்டிக்குக்குப் போய்விடும், பிறகு எண்ணிக்கை பொய் சொல்லும். சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் செல்களை, சில சொட்டு மீடியாவில் மட்டும் கலந்து, வழவழப்பான பக்கத்தின்மேல் வைத்து, அசைக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் இன்குபேட்டரில் விட்டு, அதன்பிறகு மீதி மீடியாவை ஓரமாக ஊற்றுவோம்.

ஜவ்வு வெண்மையாக இருப்பதால் சாதாரண மைக்ராஸ்கோப்பில் செல் தெரியாது. உயிருள்ள செல்லைப் பச்சையாகக் காட்டும் கால்சீன் சாயம் போட்டு ஒளிரவைத்துத்தான் பார்க்க வேண்டும். கொலாஜனே நீலத்திலும் பச்சையிலும் மங்கலாக ஒளிரும் என்பதால், செல் வைக்காத ஜவ்வுத் துண்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் எந்தப் படத்தையும் நம்பாதீர்கள்.

ஒழுங்காகக் கழுவிய தொகுதியில் மறுநாளே பச்சைப் புள்ளிகள் நீண்டு இழைகளாக மாறியிருந்தன. ஒரு வாரத்தில் அவை கொலாஜன் நார்கள் ஓடும் திசையிலேயே அணிவகுத்துப் பரப்பை மூடிவிட்டன. பிளாஸ்டிக்கில் வளரும்போது கண்டபடி கிடக்கும் அதே செல்கள், இங்கே நார் எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து கிடந்தன. இத்தனை நாள் கழுவியது எதற்காக என்று அந்தப் படம் ஒன்றே எனக்குச் சொல்லிவிட்டது.

குறுக்குவெட்டில் பார்த்தால் செல்கள் மேற்பரப்பிலேயே இருந்தன, உள்ளே அதிகம் இறங்கவில்லை. நார்கள் அவ்வளவு நெருக்கம். உறையவைத்து உலர்த்தினால் துளைகள் பெரிதாகும், ஆனால் தையல் தாங்கும் வலு குறையும். ஒட்டுப்போடும் துணிக்கு வலுதான் முதல் தேவை. உள்ளே நிரப்பும் வேலையை உடலிடமே விடலாம் என்ற பக்கம் நான் சாய்கிறேன்.

அப்படியானால் செல்லே வைக்காமல் வெறும் சாரக்கட்டையே கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் பன்றியின் பித்தப்பையிலிருந்து உருவாக்கிய கோலிடெர்ம், செல் எதுவும் இல்லாத சாரக்கட்டுதான். காயத்தின்மேல் வைக்க அதற்கு 2023இல் அனுமதி கிடைத்தது. தோலுக்கு அது போதும். ஆனால் ரத்தம் ஓடும் இடத்தில் வெறும் கொலாஜன் தெரிந்தால் தட்டணுக்கள் வந்து ஒட்டி உறைகட்டும். அங்கே ரத்தக்குழாயின் உள்வரிச் செல்கள் மூடியிருக்க வேண்டும். அதனால் இப்போது கொடியின் சிரையிலிருந்து அந்த உள்வரிச் செல்களைப் பிரித்து, அதே வழவழப்பான பக்கத்தில் வைக்கத் தொடங்கியிருக்கிறோம்.

அதோடு ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைக்கான சோதனையும் பாக்கி இருக்கிறது. ஆடு, மாடு, பன்றியின் திசுக்களில் இருக்கும் இந்தச் சர்க்கரை மனிதரிடம் கிடையாது. நம் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி எப்போதும் தயாராக இருக்கும். செல்கள் போனாலும் வலையின் புரதங்களில் அது ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. அதைப் பிடிக்கும் ஐபி4 லெக்டின் (சர்க்கரையைப் பற்றும் ஒரு புரதம்) சாயம் கைவசம் இருக்கிறது. கழுவாத ஆட்டு ஜவ்வு ஒப்பீட்டின் ஒரு முனை, மனிதத் தொப்புள்கொடி மறுமுனை. அந்த லெக்டின் பி ரத்த வகைச் சர்க்கரையையும் பிடிக்கும் என்பதால், ஒப்பிட எடுக்கும் கொடி ஓ அல்லது ஏ வகைக் குழந்தையுடையதாக இருக்க வேண்டும். சம்மதப் படிவத்தில் ரத்த வகைக்கு ஒரு கட்டம் சேர்க்க நெறிமுறைக் குழுவுக்கு எழுதியிருக்கிறோம்.